நீ பிச்சைக் காசு என்று சொன்ன என் பென்ஷன்

மகனே,

சுகம் விசாரிக்கும் நாலு வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரொறொன்ரோவில் இருந்து தொலைபேசி எடுத்தபோது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாய். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, கொழும்பில் இந்த வெள்ளவத்தை வீட்டை விற்றுத்தர ஒரு புரோக்கரும் வருவார். நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றேன். "என்னத்தை யோசிக்கிறது? அந்தப் பிச்சைக் காசுக்காகவோ அம்மா அங்க கிடந்து உலையிறியள்?" என்று கேட்டாய். அடுப்பில் கேத்தில் கொதிக்கிறது என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். கேத்தில் ஒன்றும் கொதிக்கவில்லை, நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். என் பென்ஷனைப் பிச்சைக் காசு என்று இதுவரை ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதைச் சொல்ல நான் பெற்ற பிள்ளையே வர வேண்டியிருந்தது.

தொலைபேசியில் உன்னோடு கதைத்து வெல்ல முடியாது. நான் ஒன்று தொடங்கினால் "சரி சரி அம்மா" என்று நடுவில் வெட்டுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, ஆறுதலாக இருந்து வாசிக்கத்தான் வேண்டும். உன் மனைவிக்கும் வாசித்துக் காட்டு. தாய் தகப்பனைக் கனடாவுக்குக் கூப்பிட அலைந்துகொண்டிருக்கும் உன் சிநேகிதர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கும் கொடு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதலில் அந்தக் காசு எப்படி வந்தது என்று கேள். நான் கொழும்புக் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்தபோது உன் அப்பாவைக் கல்யாணம் செய்திருக்கவில்லை. சேர்ந்த கையோடு சிங்களப் பரீட்சை எழுது என்றார்கள். எழுதாவிட்டால் சம்பள உயர்வு நின்றுவிடும். எனக்கு அது கசந்தது. என் பாஷையில் வேலை செய்ய விடாதவர்கள், தங்கள் பாஷையில் என்னைப் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். எழுத மாட்டோம் என்று நின்ற ஆட்களும் இருந்தார்கள், அவர்களை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் நான் வேறு மாதிரி யோசித்தேன். இவர்கள் என்னை வெளியே அனுப்ப ஒரு சாட்டு தேடுகிறார்கள், அந்தச் சாட்டை நான் கொடுக்கப் போவதில்லை என்று பிடிவாதமாகப் படித்து ஒரே தடவையில் பாஸ் பண்ணினேன். இன்றைக்கும் காலி வீதியில் என்னை மறிக்கிற ஆமிக்காரரிடம் அவர்களை விடத் திருத்தமான சிங்களத்தில் பதில் சொல்லக்கூடியவள் நான்.

கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்த எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் உனக்கு நினைவிருக்கும். அகதி முகாம், பிறகு கப்பல், பிறகு காங்கேசன்துறை. நீ அப்போது கப்பலில் ஏறிய சந்தோஷத்தில் துள்ளினாய், பிள்ளை தானே. ஊரில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, இனிமேல் கொழும்புப் பக்கம் தலை வைக்காதே, வேலையை எழுதிக் கொடுத்துவிடு என்றார்கள். எனக்கு வேறு பயம். சொல்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்தால் பதவியைக் கைவிட்டவள் என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் அத்தனை வருடச் சேவையும் தண்ணீரில் போட்ட உப்பு, பென்ஷன் கிடையாது. அதனால் உன்னை ஊரில் விட்டுவிட்டு, எரிந்த கடைகளைப் பார்த்தபடி நான் கந்தோருக்குத் திரும்பிப் போனேன். என் மேசையில் வேறொருத்தி இருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவள் எழும்பும் வரை நின்றேன். பிறகு கோட்டையில் பெரிய குண்டு வெடித்த அன்றைக்குக் கந்தோர் ஜன்னலெல்லாம் நொறுங்கி விழுந்தது. அடுத்த நாள் கண்ணாடித் துண்டைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே மேசையில் இருந்தேன். தமிழச்சி என்று அன்று என்னைப் பார்த்த பார்வைகளையும் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் காசுக்குப் பிச்சை என்று பெயர் வைப்பதற்கு முன்னால் இதையெல்லாம் நீ கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பென்ஷன் பற்றிய சட்டக் குறிப்பைக் கந்தோரில் நான் பல தடவை புரட்டியிருக்கிறேன். ஓய்வூதியம் எவருக்கும் முழு உரிமை அல்ல என்று அதில் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். உரிமை இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டுதான் மாதம் மாதம் தருகிறார்கள். அதை வாசித்த நாளில் இருந்து எனக்கு ஒரு வைராக்கியம். உரிமை இல்லையா, பார்க்கலாம், ஒரு மாதம் தவறாமல் எடுத்துக் காட்டுகிறேன் என்று.

இனி உன் அப்பாவின் கதைக்கு வருகிறேன். நீ அவர் பக்கம், எனக்குத் தெரியும். நீயும் அவரைப் போலவே செய்துகொண்டிருக்கிறாய் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் சாமான் கொம்பனியில் இருந்தார். என்னை விட நல்ல சம்பளம். என் அரசாங்கச் சம்பளத்தைப் பார்த்து, "இஞ்சாரும், உம்மட கோறணமேந்து சீமாட்டி உத்தியோகம் பஸ் காசுக்குக் காணுமோ?" என்று கேட்டுச் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும், உண்மையிலேயே காணாது. ஆனால் கொம்பனி வேலையில் பென்ஷன் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கையில் வரும், அவ்வளவுதான். அது வந்த காலம் எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பார். இந்தியாவோடு ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய இராணுவம் வந்து, இனிச் சண்டையே இல்லை என்று எல்லோரும் வாய் நிறையச் சொன்ன காலம். கொழும்பில் வேலை செய்த நம்முடைய ஆட்களில் பாதிப் பேர் அந்த ஒரு வருடத்துக்குள் ஊரில் வீடு கட்டத் தொடங்கினார்கள். அப்பாவும் தொடங்கினார்.

கொஞ்சத்தை வங்கியில் போட்டு வையுங்கோ என்று நான் கெஞ்சினேன். "வங்கியில போட்டால் என்ன பார்க்கிறது? புத்தகத்தைப் பார்க்கிறதோ? வீடெண்டால் கண்ணால பார்க்கலாம்" என்றார். காங்கேசன்துறைப் பக்கம் மேல்மாடி வைத்து, பளிங்குத் தரை போட்டு, வந்து போகும் பிள்ளைகளுக்கு என்று தனித்தனி அறை வைத்துக் கட்டினார். எனக்கு அந்த வீட்டில் ஒரு ஆசையும் இருந்ததில்லை, நான் அந்த ஊரில் இருந்து தப்பி வந்தவள். புது வீட்டுக்குக் குடிபூரல் செய்தோம். சொந்தபந்தம் எல்லாம் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அடுத்த சண்டை தொடங்கியதும் அந்தப் பகுதியை இராணுவம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அப்பா அந்த வீட்டைக் கண்ணால் காணவில்லை. கண்ணால் பார்க்கலாம் என்று கட்டிய வீடு. கூரை இருக்கிறதா, கதவு நிலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா என்று ஊரில் இருந்து வருகிற எல்லோரிடமும் கேட்பார். அந்தப் பக்கமே போக விடமாட்டார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் பாவம் பார்த்து, "வீடு நிக்குதாம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிடுவார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இரண்டு பேருடைய வயிற்றையும் கழுவியது நீ சொன்ன அந்தப் பிச்சைக் காசுதான். பென்ஷன் எடுக்கிற நாளில் அப்பா என்னை விட முதலே வெளிக்கிட்டுவிடுவார். ஸ்திரி போட்ட நீளக்கைச் சட்டை, சப்பாத்து, ஏதோ அவருக்குத்தான் பென்ஷன் போல. வங்கி வரிசையில் எனக்குப் பின்னால் நின்று, முன்னால் நிற்கிறவர்களோடு எந்த டிப்பார்ட்மென்ட், எந்த வருடம் ஓய்வு என்று கதைத்துக்கொண்டிருப்பார். யாராவது அவரை எந்த டிப்பார்ட்மென்ட் என்று கேட்டால், என்னைக் காட்டி, "நான் இவவின்ர டிப்பார்ட்மென்ட்" என்பார். எடுத்து முடிந்ததும் காலி வீதியில் சைவக்கடையில் ஆளுக்கொரு தோசை. பில்லை எப்போதும் அவர் கையில்தான் கொடுப்பார்கள். நான் மேசைக்குக் கீழால் காசைக் கொடுப்பேன், அவர் மேலால் கட்டுவார். ஒருநாள் கடையில் இருந்து நடந்து வரும்போது, "நீர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளவத்தைத் தெருவில், பட்டப்பகலில். எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

இதைச் சொன்னால் பென்ஷன் இருந்தால் எல்லாம் சரி என்று அம்மா சொல்கிறா என்று நினைப்பாய். இல்லை. பென்ஷன் காணாது. அரிசி விலை ஓடுகிறது, பென்ஷன் நொண்டுகிறது. முந்திய காலத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கும் பிந்தி வந்தவர்களுக்கும் ஒரே வேலைக்கு வேறு வேறு தொகை. அதைப் பற்றி வங்கி வரிசையில் நாங்கள் திட்டாத திட்டில்லை. அதனால்தான் நான் வேலையில் இருக்கும்போதே அரச ஊழியர் கடன் எடுத்து இந்தச் சின்னத் தொடர்மாடி வீட்டை வாங்கினேன். வாடகை இல்லாவிட்டால்தான் பென்ஷன் பென்ஷனாக இருக்கும். பணிக்கொடைக் காசை நிலையான வைப்பில் போட்டேன். அதன் வட்டி மருந்துக்கு. அப்பாவின் கடைசி வருடத்தில் அதில் பாதி கரைந்தது, கரையட்டும், அதற்குத்தான் போட்டது. பென்ஷன் அரிசி பருப்புக்கும் தண்ணீர் பில்லுக்கும் லைட் பில்லுக்கும். நீ அனுப்புவதை நான் தொடுவதில்லை. அது உன் மகள் பெயரில் கிடக்கிறது, கேட்டால் புத்தகத்தைக் காட்டுகிறேன். பென்ஷன் என்பது வீட்டுக்குத் தரை மாதிரி. தரையில் மட்டும் படுத்து வாழ முடியாது, கூரையும் சுவரும் நாமே தேட வேண்டும். ஆனால் தரை இல்லாமல் கூரை மட்டும் கட்டியவரை நான் கல்யாணம் செய்திருந்தேன்.

பென்ஷனைக் கனடாவில் இருந்தும் எடுக்கலாம், தூதரகத்தில் போய் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டினால் போதும் என்று யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறாய். எடுக்கலாம்தான். இங்கே எனக்கு ஒரு மாதம் ஓட்டித் தருகிற காசு, டொலராக மாறினால் உன் மகளுக்கு ஒரு சோடி சப்பாத்து. பத்து வருடம் அங்கே இருந்தால் அந்த அரசாங்கமும் வயோதிபர் பணம் தரும் என்கிறாய். அந்தப் பத்து வருடமும் நான் யார் கையைப் பார்ப்பது? உன் கையை. நீ நல்ல பிள்ளை, நீட்டுவாய். நீட்டத் தெரியாதது என் கை.

இப்போது நான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். பதறாதே, எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் பக்கத்துக் கட்டிடம் லொட்ஜ் என்பது உனக்குத் தெரியும். அதில் செல்வராணி என்று ஒரு பெண் வவுனியாவில் இருந்து வந்து ஓர் அறையில் இருந்தாள். என்னை விடப் பத்து வயது குறைவு, புருஷன் இல்லை, ஒரே மகன் சுவிசில். அவன் அனுப்புவதில் வாடகை கட்டிக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தாள். பின்னேரங்களில் என்னிடம் தேத்தண்ணி குடிக்க வருவாள். மகன் வேலை இழந்த மாதங்களில் மட்டும் வரமாட்டாள். நான் போய்க் கூப்பிட்டாலும் தலையிடி என்பாள். கடனாகவாவது வாங்கிக்கொள் என்றால், "அவன் அனுப்புவான் அக்கா" என்பதைத் தவிர வேறு கதை கிடையாது.

ஒருநாள் காலை தேத்தண்ணி ஊற்றும் நேரம் எங்கள் கட்டிடத்தில் தமிழ் வீடுகளில் செக்கிங். பொலிஸ் அதிகாரி ஒருவர், பின்னால் இரண்டு ஆமிக்காரர். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி கேட்டார்: "அயி கொளம்ப இன்னே?" ஏன் கொழும்பில் இருக்கிறீர்கள் என்று. நான் யோசிக்கவே இல்லை. "பென்ஷன் கன்ன, மாத்தயா" என்றேன். பென்ஷன் எடுக்க, ஐயா. அந்த மனிதரின் முகம் அப்படியே மாறிவிட்டது. அரசாங்க சேவையா, எந்த டிப்பார்ட்மென்ட் என்று விசாரித்தார். தன் தாயும் ஓய்வு பெற்ற ஆசிரியை, பென்ஷன் காணாது என்று அவரும் ஒரு பாட்டம் புலம்பினார். போகும்போது, "ஹரி அம்மே, இன்ன" என்றார். சரி அம்மா, இருங்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மகனே. தப்பிவிட்டேன் என்ற சந்தோஷம். சிங்களம் படித்ததும் வேலையைக் கைவிடாமல் நின்றதும் இன்றைக்கு உதவியது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் லொட்ஜில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், அக்கா உங்களுக்குத்தான் சிங்களம் தெரியும் வாங்கோ என்று. போனேன். அதே அதிகாரி. அதே கேள்வியைச் செல்வராணியிடம் கேட்டார். நான் அதைத் தமிழில் அவளிடம் சொன்னேன். "மகன் கூப்பிடுவான், அதுக்குத்தான் நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றாள். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அது ஒரு காரணம் இல்லை என்றார். அதையும் நான்தான் தமிழில் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பையில் சாமானைத் திணித்துக்கொண்டு அவளும் மற்றவர்களும் பஸ்ஸில் ஏறினார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்களாம். இது சரியில்லை மாத்தயா என்று அந்த அதிகாரியிடம் சொன்னேன். "அம்மா வீட்டுக்குப் போங்கள்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

அனுப்பக்கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். செல்வராணியும் வந்தாள். என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "உங்களுக்குக் காட்டப் பென்சன் கிடக்குது அக்கா. எனக்கு என்ர பிள்ளைதான் கிடக்கிறான். பிள்ளையைக் காரணமெண்டு ஏற்கினமில்லை" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் மேல் அல்ல, என் மேல். என் சொந்த வீட்டு வாசலில், நானே கடன் கட்டி முடித்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்குக் கணக்குக் காட்டியிருக்கிறேன். அவர் "இருங்கள்" என்று சொன்னதும் பல்லைக் காட்டியிருக்கிறேன். இருக்கச் சொல்ல அவர் யார்? பென்ஷன் உள்ள தமிழச்சி இருக்கலாம், இல்லாதவள் பஸ்ஸில் ஏறலாம் என்ற கணக்குக்கு என் வாயாலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலை இனிச் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். வேறு அதிகாரி, இளம் ஆள், கோபக்காரன். அதே கேள்வி. "மே மகே கெதர" என்றேன். இது என் வீடு. அது தெரிகிறது, காரணம் என்ன என்றான். வேறு காரணம் இல்லை என்றேன். பிள்ளைகள் எங்கே, காசு எங்கிருந்து வருகிறது என்று வேறு வேறு பக்கத்தால் சுற்றி வந்தான். பென்ஷன் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போயிருப்பான். என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு வா என்றான், போனேன். மத்தியானம் வரை ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். கடைசியில் வயதான ஒரு பொலிஸ்காரர் வந்து, வெய்யில் ஏறுகிறது, வீட்டுக்குப் போங்கள் அம்மா என்றார். வரும் வழியில் சைவக்கடையில் தனியே இருந்து தோசை சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான தோசையை நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை.

இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம், சொன்னால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவாய். இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை நீயும் அதே கேள்வியைத்தான் கேட்டாய். ஏன் அம்மா அங்கே இருக்கிறீர்கள்? அந்த அதிகாரி சந்தேகத்தில் கேட்டார், நீ பாசத்தில் கேட்டாய். கேள்வி ஒன்றுதான். இரண்டு பேருக்குமே நான் ஒரு காரணம் காட்ட வேண்டும், காரணம் பிடிக்காவிட்டால் அவர் பஸ்ஸில் ஏற்றுவார், நீ பிளேனில் ஏற்றுவாய். பென்ஷனுக்காக நான் இங்கே கிடக்கவில்லை, மகனே. பென்ஷன் இருப்பதால் நான் எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்தக் காசு. தொகை சின்னதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் மாட்டேன் என்று சொல்லலாம். இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு அந்தச் சொல்லை வாங்கித் தர வேறு எந்தக் காசாலும் முடியாது, உன் டொலராலும் முடியாது.

இரண்டாவது வீடு வாங்கியிருப்பதாகச் சொன்னாய். முதல் வீட்டின் மேல் கடன் எடுத்து வாங்கியது, விலை ஏறும், ஓய்வு காலத்துக்கு அதுதான் என்றாய். உன் குரலில் அப்பா கதைப்பதைக் கேட்டேன். அங்கே இராணுவம் வந்து வீட்டை எடுக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் வீடு மாதம் மாதம் அரிசி வாங்கித் தராது. நீ ஒப்பந்த வேலைக்காரன். உன் கொம்பனி உனக்குப் பென்ஷன் தரப்போவதில்லை. அரசாங்கம் தருவது தரையாக இருக்கட்டும், அதற்கு மேல் மாதம் மாதம் நின்று வருகிற மாதிரி ஏதாவது ஒன்றை இப்போதே கட்டிக்கொள். அதை உன் மனைவியின் பெயரிலும் தனியாகக் கட்டு. அவள் உன் கையைப் பார்க்கிற நாள் வரக்கூடாது, நீ அவள் கையைப் பார்க்கிற நாளும் வரலாம். வந்தால் அவள் மேசைக்குக் கீழால் தருவாள், நல்ல பிள்ளை. இன்னொன்று, உன் மகளை உன் பென்ஷனாக நினைத்து வளர்க்காதே. உன்னை நான் அப்படி வளர்க்கவில்லை. நம்முடைய ஆட்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. அந்தப் பாரத்தை உன் முதுகில் வைக்கக்கூடாது என்றுதான் எரிந்த ஊருக்குத் திரும்பி வந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

புரோக்கர் வந்தார். நல்ல மனிதர், பால் தேத்தண்ணி குடித்தார், வீடு விற்பனைக்கு இல்லை என்றதும் மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடு, வெட்டுகிற காசை வெட்டட்டும். கோடை விடுமுறைக்கு நீங்கள் மூன்று பேரும் இங்கே வாருங்கள். செக்கிங் இருக்கும், கரைச்சல் இருக்கும், நான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். பேத்திக்குக் கடலைக் காட்ட வேண்டும்.

நீ வாய் திறந்து சொல்லாத பயம் ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும். அம்மா தனியே செத்துக் கிடப்பா என்று. கிடக்கலாம். செல்வராணியிடம் வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன், அவள் காலையில் எட்டிப் பார்ப்பாள், அவள் விசா வந்து போனால் வேறொருத்தி வருவாள். நான் போகிற அன்றைக்குப் பென்ஷன் நின்றுவிடும், அரசாங்கத்துக்கு ஒரு ஆளின் காசு மிச்சம். அந்த மிச்சத்தை அவர்களுக்குச் சுலபமாகக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. நடக்கிறேன், பிரஷர் குளிசை போடுகிறேன், சீனியைக் குறைத்துவிட்டேன். ஆண்டுக்கு ஒரு தடவை கிராம சேவகர் முன்னால் போய், இன்னும் இருக்கிறேன் என்று நிமிர்ந்து நின்று காட்டுகிறேன். இந்த நாட்டுக்கு நான் ஒரு செலவு. எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் செலவாகவே இருக்கப் போகிறேன். உனக்கு நான் செலவு இல்லை, ராசா. உனக்கு நான் அம்மா, அது மட்டும்தான்.

அம்மா
வெள்ளவத்தை